சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எந்தப் பக்கமாக?

திருவையாறு தபால் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மகள் அமெரிக்காவில், நியூஜெர்சி எடிசனில். மகளுக்குச் செப்டம்பர் கடைசியில் பிரசவம். ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கிளம்பி சிங்கப்பூரில் மகன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து அமெரிக்கா போவதாகத் திட்டம். நானும் மனைவியும் முதல் தடவையாக இவ்வளவு தூரம் போகிறோம்.

நடுவில் எங்கேயும் இறங்காத விமானத்தில் போய்விடுங்கள் என்று மகன் சொல்கிறான். தூரம் 15,300 கிலோமீட்டருக்கு மேல், நேரம் பதினெட்டரை மணி என்கிறான். ஆனால் அவன் அனுப்பிய தாளில் இரவு 11.35க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6 மணி வாக்கில் இறங்குவதாக இருக்கிறது. "ஆறரை மணி நேரம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்று மனைவி கேட்கிறாள். இதை அவளுக்கு எப்படி விளக்குவது?

இன்னொன்று. வீட்டுச் சுவரில் இருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கோடு அரபிக்கடல், சூடான், சகாரா பாலைவனம் என்று மேற்கே போகிறது. மகனோ ஜப்பான் பக்கமாகப் போகும் என்கிறான். எது சரி?

என் மனைவிக்கு 58 வயது. சர்க்கரை உண்டு, இரவில் இன்சுலின் போடுகிறாள். முழங்கால் வலியும் இருக்கிறது. பதினெட்டு மணி நேரம் உட்கார முடியுமா, இல்லை நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறுவது நல்லதா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாங்கி நைட் ஷிஃப்ட்

ஐயா, நான் சாங்கி விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகன் சொல்லும் விமானம் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். என்ற வகை. மிக நீண்ட தூரத்துக்காகவே செய்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதை வைத்து 2018 அக்டோபரில் நியூஜெர்சியில் இருக்கும் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஓட்ட ஆரம்பித்தது. 2020 நவம்பரில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் நேர் விமானம் விட ஆரம்பித்தது. அதற்கு முன்பு 2004 முதல் 2013 வரை நான்கு என்ஜின் உள்ள ஏ340-500 நியூவார்க்குக்குப் போய்வந்தது. அது எண்ணெயை மிக அதிகமாகக் குடிக்கும், அதனால் நிறுத்திவிட்டார்கள்.

இந்த யு.எல்.ஆர். விமானத்தின் டேங்க் கொள்ளளவு 1,65,000 லிட்டர். முழுக்க நிரப்பினால் எண்ணெய் மட்டும் ஏறக்குறைய 130 டன். விமானம் மேலே ஏறலாம் என்று அனுமதித்த மொத்த எடையே 280 டன்தான். கிட்டத்தட்ட பாதி எண்ணெய்! முதல் சில மணி நேரம் எரிகிற எண்ணெயில் கணிசமான பங்கு, பின்னால் தேவைப்படும் எண்ணெயைச் சுமப்பதற்கே போகிறது. அதனால் மற்ற எல்லா எடையையும் குறைக்கிறார்கள். முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை. இருக்கைகள் மொத்தம் 161. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. இதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350-900 விமானத்தில் 253 பேர் உட்காருவார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். எகானமியில் போக வேண்டுமானால் ஃபிராங்ஃபர்ட்டில் நின்று கென்னடிக்குப் போகும் விமானம் இருக்கிறது.

கோவை பயணி

எதற்கு இந்தச் சுற்று? திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போவது நியூயார்க்குக்கு எதிர்த் திசை. சென்னையில் ஏறி துபாய் நான்கு மணி நேரம், அங்கே மாறி நியூயார்க் 14 மணி நேரம். வேலை முடிந்தது.

மன்னார்குடி பூகோளம் டீச்சர்

ஐயா, வணக்கம். 31 வருடம் பூகோளம் நடத்தினேன். மகள் எடிசனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். இரண்டு தடவை போய்வந்தேன். 2016இல் இரண்டு இடத்தில் மாறி, 2023 மே மாதம் நீங்கள் கேட்கிற இதே நேர் விமானத்தில். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுவர்ப் படத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். உருண்டையாக இருக்கிற பூமியைத் தட்டையாக விரித்தால் வடக்குப் பக்கம் இழுபட்டுப் பெரிதாகிவிடும். அதில் ஸ்கேல் வைத்துத் தூரம் பார்க்கவே கூடாது. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் ஓர் உலக உருண்டை கேட்டு வாங்குங்கள், கூடவே பூக்கட்டும் நூல். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை நியூயார்க் வரைக்கும் கொண்டுபோய் இறுக்கி இழுங்கள். நூல் சகாராவில் நிற்காது. வழுக்கி மேலே மேலே ஏறி, உருண்டையின் உச்சியில் இருக்கும் அந்த ஆணியில் போய் முட்டும். வகுப்பில் இதைச் செய்யும்போதெல்லாம் பிள்ளைகள் எழுந்து வந்து பார்ப்பார்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் அந்த நூல் 36 சென்டிமீட்டர் வரும். ஒரு சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர் என்று கணக்குப் பண்ணினால் 15,300.

நூல் ஏன் உச்சிக்குப் போகிறது? சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கில் இருக்கிறது, நியூயார்க் 74 டிகிரி மேற்கில். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது இரண்டும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள். அப்போது கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலாகப் போவதுதான் குறுக்குவழி. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4 டிகிரி, ஆக 138. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346. விமான அட்டவணைகளில் கென்னடிக்குப் போட்டிருக்கும் தூரம் 15,349. ஒரு பேனாவும் பழைய அட்லஸும் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் நான் போன விமானம் துருவத்துக்குப் போகவில்லை. உங்கள் மகன் சொன்னது சரி. பிலிப்பைன்ஸ் தாண்டி, ஜப்பானுக்குத் தெற்கே திரும்பி, பசிபிக் கடலைக் கடந்து, கனடா மேலாக நியூவார்க்கில் இறங்கினோம். காரணம் காற்று. தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு மாதிரி காற்று ஓடுகிறது. பாடப்புத்தகத்தில் ஜெட் காற்றோட்டம் என்று படித்திருப்பீர்கள். ஜப்பானுக்கு மேலே அது மிகப் பலமாக இருக்கும். அதைக் கண்டவரே ஒரு ஜப்பானியர்தான். ஓயிஷி வசாபுரோ என்ற வானிலை அறிஞர் 1920களில் பலூன்களை வானத்தில் விட்டு அவை போகும் வேகத்தை அளந்தார். அதை 1926இல் எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கிய செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு அப்படிக் கிடந்துபோனதே என்று எனக்கு இன்னமும் வருத்தம்.

அந்தக் காற்று முதுகில் தள்ளினால் விமானம் பறந்து போகும். என் இருக்கைக்கு முன்னால் இருந்த திரையில் புறப்பட்ட இரண்டு மணி நேரத்தில் 905 என்று காட்டிய வேகம், ஜப்பானைத் தாண்டும்போது 1,090 ஆகிவிட்டது. என்ஜின் வேகத்தைக் கூட்டவில்லை. காற்றின் வேகம் சேர்ந்துகொண்டது. அதனால் 15,300க்குப் பதில் 16,000க்கு மேல் பறந்தாலும் நேரம் குறைகிறது. திரும்பும்போது எதிர்காற்றில் மாட்டிக்கொள்ள மாட்டோமா என்று கேட்பீர்கள். அங்கேதான் அழகு. வரும்போது நியூவார்க்கிலிருந்து அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கிப் பக்கம் என்று மறுபடியும் கிழக்கே பார்த்தே வந்தோம். போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே. பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். மன்னார்குடியில் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. எல்லா நாளும் இதே வழி என்று இல்லை, அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். 2022க்குப் பிறகு பல நாட்டு விமானங்கள் ரஷ்ய வானில் பறப்பதில்லை என்பதும் வழியை மாற்றுகிறது.

இப்போது அம்மாவின் ஆறரை மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். தாளில் இருக்கும் இரண்டு நேரமும் வேறு வேறு ஊர்க் கடிகாரம். 11.35 சிங்கப்பூர் நேரம், 6 மணி நியூஜெர்சி நேரம். ஆகஸ்டில் சிங்கப்பூர் நியூஜெர்சியைவிட 12 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆறரையோடு பன்னிரண்டைக் கூட்டுங்கள், பதினெட்டரை. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள், அப்போது 13 கூட்ட வேண்டும். நம் ஊருக்கும் நியூஜெர்சிக்கும் ஆகஸ்டில் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். அந்தப் பதினெட்டரை என்பது வாசல் கதவை மூடியதிலிருந்து அங்கே திறக்கிற வரைக்கும். ஓடுபாதையில் ஊர்வது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். வானத்தில் இருப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு.

கோவைத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. திருச்சி – சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டர், அங்கிருந்து 15,300. திருச்சியிலிருந்து நியூயார்க்குக்கு நேராக நூல் பிடித்தால் 13,600தான். சிங்கப்பூரில் மகன் இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மகன் வீட்டில் பத்து நாள் ஓய்வு என்பது சும்மா இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய உதவி. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் முன்னால். அதற்கு உடம்பு இரண்டே நாளில் பழகிவிடும்.

ஃபிராங்ஃபர்ட் வழியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் – ஃபிராங்ஃபர்ட் 10,280, ஃபிராங்ஃபர்ட் – கென்னடி 6,190, மொத்தம் 16,470. தூரம் 1,100 கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏறுவதில் மொத்தப் பயணம் ஒரு முழு நாளாகிவிடும். செலவு குறைய வேண்டுமானால் அது நல்ல வழிதான். இரண்டு விமானம் மாறுகிற மற்ற மலிவு டிக்கெட்டுகள் மட்டும் வேண்டாம் ஐயா. 2016இல் நாங்கள் அப்படிப் போனோம். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம், இரண்டாவது எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பதினோரு மணி நேரம் ஒரு நாற்காலியில். என் கணவரின் இரத்த அழுத்த மாத்திரை முழுவதும் பெரிய பெட்டியில், அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்த மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார்கள். வீட்டை விட்டுக் கிளம்பி எடிசன் போய்ச் சேர 41 மணி நேரம். அன்று அவர் முகம் இருந்த நிலையை என்னால் மறக்க முடியவில்லை. மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு எல்லாம் கைப்பையில், உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

இன்சுலின் பற்றி நான் ஒன்றும் சொல்லக் கூடாது. உங்கள் மருத்துவரிடம் போய், "இரவு ஊசி" என்று சொல்லாதீர்கள். கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை மணி நேரத்தில் சாப்பாடு, எத்தனை மணி நேரத்தில் இறங்குவோம் என்று ஒரு தாளில் மணிக்கணக்கு எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். விமானத்தில் இரவு எது என்பதே குழப்பமாகிவிடும். கணவருடைய பழைய கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருந்து அதைப் பார்த்துத்தான் நான் மாத்திரை கொடுத்தேன். சர்க்கரைக்காரர்களுக்கான சாப்பாட்டை மகனிடம் சொல்லி முன்னாலேயே பதிவு செய்யுங்கள்.

உட்கார முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் உட்கார்ந்தே இருக்கக் கூடாது. கணவர் முதல் பத்து மணி நேரம் தூங்கினார், நானும் எழுப்பவில்லை. அது என் தவறு. எழுந்து கழிவறை போகச் செருப்பை மாட்டினால் குதிகால் உள்ளே போகவில்லை. பாதம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. காலுறையின் விளிம்பு பதிந்து கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் வரை நடக்க வைத்தேன். அங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது, நின்றுகொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். ஓரிடத்திலேயே வெகு நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டிவிடும் ஆபத்து உண்டு. அழுத்தக் காலுறை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நடைபாதை ஓர இருக்கை கட்டாயம். உள்ளே காற்று ரொம்ப உலர்ந்து இருக்கும், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தயங்காதீர்கள். அமெரிக்கக் குடிநுழைவு வரிசையில் நிற்பது முழங்காலுக்கு விமானத்தைவிடக் கஷ்டம்.

ஒன்று விட்டுவிட்டேன். எடிசனுக்கு நியூவார்க்தான் பக்கம், காரில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கென்னடியில் இறங்கினால் நியூயார்க் நகரத்தையே கடந்து வர வேண்டும். நிறைமாதப் பெண்ணை அவ்வளவு தூரம் காரில் அலையவிட வேண்டாம்.

திருவையாறு தபால்

டீச்சர் அம்மா, உங்கள் பதிலை மனைவிக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். சாங்கி தம்பிக்கும் கோவை தம்பிக்கும் நன்றி. நியூவார்க் நேர் விமானத்திலேயே போட்டுவிட்டோம், நடைபாதை ஓரமாக. விலை அதிகம்தான். ஆனால் அந்த 41 மணி நேரத்தைப் படித்த பிறகு மகன் வேறு எதுவும் கேட்கவில்லை.

பக்கத்துத் தெரு நடுநிலைப் பள்ளியில் உருண்டை வாங்கி வந்தேன். நூலை மனைவிதான் பிடித்தாள். நீங்கள் சொன்ன மாதிரியே ஆணியில் போய் முட்டியது.

அவளுக்கு இப்போது வேறொரு கவலை. திங்கட்கிழமை இரவு கிளம்புகிறோம். செவ்வாய்க்கிழமை அவள் முருகனுக்கு விரதம் இருப்பாள், இருபது வருடமாக. விமானத்தில் எது செவ்வாய்?

மன்னார்குடி பூகோளம் டீச்சர்

அம்மா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள். நாங்களும் ஒரு திங்கள் இரவுதான் ஏறினோம். சில மணி நேரத்தில் ஜப்பான் பக்கம் விடிந்தது, அது செவ்வாய். பசிபிக் நடுவில் சர்வதேச தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டியதும் மறுபடி திங்கள் ஆகிவிட்டது. கனடா வரும்போது அந்தத் திங்கட்கிழமைச் சூரியன் இறங்கியது. நான் ஜன்னல் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தேன், இறக்கைக்கு அடியில் ஒரே செம்மஞ்சள். பிறகு நியூவார்க்கில் இறங்கும்போது இன்னொரு தடவை செவ்வாய் விடிந்தது. ஒரே செவ்வாய்க்கு இரண்டு விடியல்.

சர்க்கரையும் இன்சுலினும் இருக்கும்போது விமானத்தில் பட்டினி வேண்டவே வேண்டாம், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மகள் வீட்டில் இறங்கியதும் அங்கே அப்போதுதான் செவ்வாய்க்கிழமை காலை. குளித்து விளக்கேற்றி அங்கேயே கும்பிட்டுக்கொள்ளட்டும். அன்று ஒருவேளை விரதம் இருக்கலாமா என்பதையும் அந்த மணிக்கணக்குத் தாளிலேயே எழுதி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.